கந்தரோடையார்

அம்மாவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்காக அச்சகத்தில், "பிறந்த இடம்?" என்று கேட்டார்கள். "கந்தரோடை" என்றேன். சொன்னதும் தேத்தண்ணி மணந்தது.

அப்பா அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வெங்காயத் தோட்டத்தால் வந்து கால் கழுவியபடியே, "என்ன கந்தரோடையார், தேத்தண்ணி வருமோ?" என்பார்.

"கந்தரோடை பழைய ராசதானியாக்கும். ராசதானி ஆக்கள் உரும்பிராய்த் தோட்டக்காரருக்குத் தேத்தண்ணி ஊத்துறேல்லை" என்று சொல்லிக்கொண்டே அம்மா ஊற்றுவா. அதை நம்பி, நான் அரச வம்சம் என்று வகுப்பில் சொன்ன மேதை நான். ஒருநாள் நானும், "கந்தரோடையார்!" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அகப்பைக் காம்பு முதுகில் விழுந்தது.

"அது கொப்பர் மட்டும் கூப்பிடுறது" என்று அம்மா அப்பாவைக் காட்டினா.

அச்சகத்தால் வந்து அடுப்படியில் தண்ணீர் கொதிக்க வைத்தேன். வெளியே கால் கழுவிய அப்பா, பழக்கத்தில், "என்ன கந்தரோடையார்..." என்று தொடங்கி நின்றுவிட்டார்.

அம்மாவின் மிடுக்கை வரவழைத்து, "ஓம், வருது" என்றேன்.

அப்பா மற்றக் காலையும் கழுவிவிட்டு அடுப்படிக்குள் வந்தார்.

"நீ உரும்பிராயானடா, தம்பி" என்றார் அப்பா.