எனக்காகக் கதைத்த சூனியக்காரி

பென்ரோஸில் சலாட் பொதி செய்யும் தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று வேலை செய்தவர் ஒரு விக்கா பூசாரி. நான் என் ஊரைச் சொன்னதுபோல அவரும் வெகு சாதாரணமாக முதல் நாளே அதைச் சொன்னார். திரும்பி வரும் ரயிலில் விக்கா என்றால் என்னவென்று போனில் தேடினேன். சூனியக்காரிகளின் சமயம் என்று போட்டிருந்தது. மனுரேவாவில் இறங்கும்வரை எனக்குக் கை கால் ஓடவில்லை.

பறுவத்துக்குப் பறுவம், முழு நிலா இரவில், பூங்காவில் தன் ஆட்களோடு வட்டமாக நின்று மெழுகுவர்த்தி ஏற்றிக் கும்பிடுவார். மறுநாள் எல்லாருக்கும் கேக் வரும். கேக் வந்த நாளெல்லாம் எனக்கு விரதம். "உங்கள் சாமி நல்ல கண்டிப்புப்போல" என்று பாவம், இரக்கப்படுவார். அவர் கழுத்தில் வட்டத்துக்குள் ஓர் ஐந்து முனை நட்சத்திரம் தொங்கும். நான் அந்தப் பக்கமே பார்ப்பதில்லை.

லீவு நாட்களில் அந்த மனுசி கோப்பும் கையுமாகத்தான் திரிவார். வழிபட மண்டபம் தர மறுத்தவர்களுக்கு எழுதுவார். சாகக் கிடந்த தன் ஆள் ஒருவரைப் பார்க்க விடாத ஆஸ்பத்திரிக்கு எழுதுவார். பதில் வரும்வரை விடமாட்டார். தலைத்துண்டு போட்ட முஸ்லிம் பிள்ளைக்கும் கையில் காப்புப் போட்ட சீக்கியருக்கும் அதே கோப்புத்தான். இதெல்லாம் தெரிந்தும் நான் தள்ளியே நின்றேன். அவ்வளவு பெரிய மனசு எனக்கு.

பிறகு என் கணவருக்கு இதய ஆபரேஷன் நடந்தது. அவர் வீட்டுக்கு வந்து மூன்றாம் கிழமை, தொழிற்சாலையில் புதுச் சட்டம் போட்டார்கள். சாப்பாட்டுக்குள் விழுந்துவிடும் என்பதால் திங்கட்கிழமையிலிருந்து கழுத்தில் எதுவும் இருக்கக்கூடாது. கல்யாண மோதிரம் மட்டும் போடலாம்.

மேனேஜரிடம் ஓடினேன். அங்கேதான் பிழை விட்டேன். தாலிக்கொடியை வெளியே எடுத்துக் காட்டி, "இது எங்களுக்குக் கல்யாண மோதிரம் மாதிரி" என்றேன்.

"அப்படியென்றால் மோதிரமே போடலாமே" என்றார் அவர், பெரிய உதவி செய்துவிட்ட சந்தோஷத்தோடு.

வீட்டில் இவர் வேறு. "கழட்டி வையுமன். நானென்ன உடனே செத்தே போவன்? உமக்கு விசர்" என்று கட்டிலில் கிடந்தபடி சொன்னார். நெஞ்சில் தையல் காயாத மனிதர் அப்படிச் சொன்னால் எந்தப் பெண் கழட்டுவாள்? வேலையை விடவும் வழியில்லை. இவர் எழும்பும்வரை வீட்டுக்கு என் சம்பளம் ஒன்றுதான்.

அடுத்த நாள் உடுப்பு மாற்றும் அறையில் அழுதுகொண்டிருந்தபோது பூசாரி வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"சாமி முன்னால் வைத்துக் கட்டியதா?" என்று கேட்டார்.

"ஓம். மந்திரம் சொல்லி, எல்லாரும் தொட்டு ஆசீர்வதித்து."

"பிறகேன் மோதிரம் என்று சொன்னீர்கள்? அதைச் சொல்லுங்கள்."

கழட்டினால் என்ன நடக்கும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்தச் சொல்லை என் வாயால் சொல்லியிருக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை மேனேஜரின் அறையில் மூன்று பேரும் இருந்தோம். தாலி சாமி முன்னால் வைத்துக் கட்டியது என்பதை இந்த முறை சொன்னேன். பூசாரி குரலை உயர்த்தவே இல்லை. கழுத்தை மூடும் உள்சட்டைக்குள் தாலி இருக்கட்டும், வேலை தொடங்க முன்னும் முடிந்த பின்னும் அது கழுத்தில் இருக்கிறதா என்று சூப்பர்வைசர் பார்த்துக் கையெழுத்து வைக்கட்டும் என்றார். தன் நட்சத்திரத்துக்கும் அதையே கேட்டார்.

மேனேஜர் யோசித்துவிட்டுப் பூசாரியைப் பார்த்தார். "இவருடையதற்குச் சரி. அது சமயம். உங்களுடையது வெறும் நகைதானே?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர். அதைச் சமயம் என்று நினைக்கிறீர்களா?"

என் அலுவல் முடிந்துவிட்டது. பேசாமல் எழும்பிப் போயிருக்கலாம். பூசாரி என்னைப் பார்க்காமல் கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் என்னைச் சுட்டது.

"சமயம்தான்" என்றேன். "அதற்குப் பயந்து ஒரு வருடமாக இவருடைய கேக்கை நான் தொடவில்லை. வெறும் நகைக்கு யாராவது பயப்படுவார்களா?"

பூசாரி தலையை நிமிர்த்தினார். "அப்போ அந்த விரதம்?"

"பொய்."

அவர் சிரித்த சிரிப்பில் மேனேஜருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டுக்கும் சேர்த்தே அனுமதி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து வீட்டுக்கு போன் எடுத்தேன். "கழட்டத் தேவையில்லையாம்" என்றேன்.

அவர் கட்டிலில் மெல்ல எழும்பி உட்காரும் சத்தம் கேட்டது.

"நல்லது" என்றார் இவர். "எனக்கும் பயமாத்தான் கிடந்தது."