குற்ற உணர்ச்சி வருகிறதா?

ஜொகூரில் ஒரு சிறைச்சாலை. அடையாள அட்டையைக் கேட்ட வாசல் காவலரிடம், "நான் கைதி இல்லை" என்றேன். மலாயில், தெளிவாக, இரண்டு தடவை. அவர் கேட்டதோ அட்டையை மட்டும்தான்.

ஸ்கூடாயில் உளவியல் பாடம் நடத்துகிறவன் நான். இரக்கமின்மை, பிறரை ஏய்க்கும் சாமர்த்தியம், செய்ததற்கு வருந்தாத மனம் இவையெல்லாம் கைதிகளிடம் எவ்வளவு இருக்கின்றன என்று அளக்கும் ஆய்வுக்காக வந்திருந்தேன். மலாய் வினாத்தாளைத் தமிழாக்கியவன் நான். "தமிழ் என் பொறுப்பு" என்று கூட்டத்தில் மார்தட்டியவனும் நானே.

வெள்ளோட்டத்துக்கு வந்த பத்துத் தமிழ்க் கைதிகளும் பெயர் எழுதாமல் தாளை நிரப்பிக் கொடுத்தார்கள். புரட்டினேன். 'எனக்குக் குற்ற உணர்ச்சி வருவதுண்டு' என்ற வரிக்குப் பத்துப் பேரும் 'ஒருபோதும் இல்லை'. ஈவிரக்கமற்ற பத்துப் பேர், எதிரே நான் ஒருவன். நாற்காலியை மெல்லக் கதவுப் பக்கம் நகர்த்தினேன். அது கிரீச்சென்று காட்டிக்கொடுத்தது.

"என்னா சார், பசியாறலயா? கதவுப் பக்கமே போறீங்களே!" என்றார் முன்னால் இருந்தவர். பாலோ ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவராம், என் வயதுதான்.

இது இப்படியே அறிக்கைக்குப் போனால், இங்குள்ள தமிழர்கள் எல்லாரும் மனம் கூசாதவர்கள் என்று அச்சாகிவிடும். தாளைக் காட்டிக் கேட்டேன். "அண்ணே, குற்ற உணர்ச்சின்னா என்னான்னு நெனச்சீங்க?"

"குத்தம் செய்யணும்னு வர்ற உணர்ச்சி. முன்ன வரும் சார், கை துறுதுறுங்கும். இப்ப சுத்தமா இல்ல. திருந்திட்டோம் லா!"

மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

அலமாக்! திருந்தியவர்களைக் கல்நெஞ்சர்களாக்கியது என் தமிழ்.

"அதில்லண்ணே, செஞ்சத நெனச்சு வருத்தப்படுறதக் கேட்டேன்."

"அத நேரா கேக்க வேண்டியதுதானே? 'செஞ்சத நெனச்சா மனசு குத்துது'ன்னு போடுங்க. படிச்சவங்களோட இதான் பெரச்சன!"

அறையே சிரித்தது. பத்துக் கல்நெஞ்சர்களோடு பதினோராவதாக நானும்.

ஆய்வுத் தலைவியிடம் தவற்றை ஒப்புக்கொண்டேன். மறுவாரம் புதிய வரியோடு அதே பத்துப் பேரிடம் போனோம். அந்த இடத்தில் பேனாக்கள் நின்று நிதானித்தன. பெரும்பாலோர் 'அடிக்கடி' என்று குறித்தார்கள். ஒரே ஒரு தாளில் மட்டும் மறுபடியும் 'ஒருபோதும் இல்லை'. யாருடையது என்று தேடும் துணிச்சல் எனக்கு ஏது? ஆனாலும் இந்த முறை கேள்வி அவருக்கும் புரிந்திருந்தது. அந்தப் பெருமையில் அன்று தம்போய் சாலை நெரிசலில்கூட ஹாரன் அடிக்காமல் வீடு போய்ச் சேர்ந்தேன்.