ஆடி மாதத்து நாலு மில்லிமீட்டர்

ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகியும், காலை எட்டரை மணி ஆனால் அழகியமணவாளனுக்கு இருப்புக்கொள்ளாது. காஞ்சிபுரம் தாலுக்கா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். ஆபீஸ் வளாகத்தில் வேலிக்குள் இருந்த மழைமானியை அளப்பதும் அவர் பொறுப்பு. முதல் பதினோரு வருடம், தினம் எட்டரைக்கு ஒரு நிமிடம் பிசகாமல் அளந்தார். குமாஸ்தா உத்தியோகத்தைவிட அதில்தான் கர்வம்.

கிரகங்களின் காற்றெல்லாம் அவருக்கு உறவுமுறை. செவ்வாயில் காற்று மெலிசு, வியாழனில் ஓயாத புயல் என்று இலைக்கு முன்னால் ஆரம்பித்தால் மனைவி நாமகிரி, "ரசம் ஆறிப் போறது, அப்புறம் வியாழனுக்குப் போங்கோ" என்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் ஊர் காய்ந்து கிடந்தது. நாற்பது நாள் சொட்டு மழை இல்லை என்று ஏட்டில் இருந்தால் பக்கத்துக் கூரம் கிராமத்து ஏரியைத் தூர்வார உத்தரவு வாங்கித் தருவதாகத் தாசில்தார் சொல்லியிருந்தார். முப்பத்தொன்பது நாள் முடிந்தது.

நாற்பதாம் நாள் காலை ரேடியோவில், ரஷ்யாக்காரர்கள் வெள்ளிக் கிரகத்தில் ஒரு விண்கலத்தை இறக்கிவிட்டார்கள் என்றார்கள். அங்கே மேலே ஒரே மேகம், தரையில் ஈயம் உருகும் சூடாம். மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சைக்கிளை மிதித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது. பியூன் முனுசாமி தானே அளந்து, நாலு மில்லிமீட்டர் என்று ஏட்டில் எழுதியே விட்டிருந்தான்.

தரையில் ஈரமே இல்லை. அளவுக் குப்பியைத் தூக்கிப் பார்த்தார். அடியில் மஞ்சள். மானியின் பித்தளை விளிம்பில் ஒரு வேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது. மோர் விற்க வரும் கூரத்து அங்கம்மாள் வேலியோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"நீதான் ஊத்தினியாம்மா?"

"ஆமா சாமி. மழை மொதல்ல வந்து சேர்ற எடம் இதான்னு நீங்கதான சொன்னீங்கோ? ஆத்தாளுக்கு மஞ்சத்தண்ணி எடுத்துக்கினு போனேன். இங்கயும் கொஞ்சம் ஊத்தினேன். தப்பா சாமி?"

சொன்னது அவர்தான். அதுவும் பெருமையடித்துக்கொள்ளச் சொன்னது.

"அடிச்சிட்டு சைபர்னு போட்டுர்றேன் சார், யாருக்குத் தெரியப்போவுது?" என்றான் முனுசாமி.

காரணம் இல்லாமல் அடித்த எண்ணை மேலிடத்தில் எவன் நம்புவான்? காரணம் எழுதினால், அளக்கிற நேரத்தில் நீர் எங்கே போனீர் என்று கேட்பார்கள். பதினோரு வருடப் பெயர் அதோடு சரி. வாயை மூடிக்கொண்டால் ஏரி போச்சு, அதுவும் அங்கம்மாள் வேண்டிக்கொண்ட பாவத்துக்கு.

பேனாவைத் திறந்தார். "இன்று நான் அரை மணி தாமதம். மானியில் இருந்தது மழை அல்ல, ஒருவர் வேண்டிக்கொண்டு ஊற்றிய மஞ்சள் நீர். மழை: பூஜ்யம்." கீழே கையெழுத்தும் போட்டார்.

அவருக்கு மெமோ வந்தது. கூரத்துக்கு உத்தரவு வந்தது. ஐப்பசியில் ஏரி தளும்பியபோது, எல்லாம் தன் மஞ்சள் தண்ணீர் செய்த வேலை என்று அங்கம்மாள் ஊரெல்லாம் சொன்னாள். அவர் மறுக்கவில்லை.

இப்போதும் சாயங்காலம் வெள்ளி தெரிந்தால் மாடியில் நின்றுவிடுவார். ஒரு நாள் நாமகிரி கூப்பிட வந்தாள்.

"அங்கே அத்தனை மேகம் இருக்குடி" என்றார். "கீழே நின்னு மழை வேணும்னு கேக்கத்தான் ஒரு அங்கம்மா இல்லை."