தத்துச் சீரில் இல்லாதவள்

நீதிபதி அம்மா ஆல்பத்தைப் புரட்டியபோது எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. அவிநாசியில் ஒரு மண்டபத்தில் எடுத்த படங்கள். பட்டுப்புடவையில் நான், பக்கத்தில் என் கணவர், என் மடியில் எட்டு மாதக் குழந்தை. எங்கள் ஊர்ப்பக்கம் சீர்களை நடத்திவைக்கிற அருமைக்காரர் அருகம்புல்லால் எங்கள் மீது மஞ்சள் நீர் தெளிக்கிறார். பின்னால் மாமனார், ஏதோ எலெக்‌ஷனில் ஜெயித்தவர் மாதிரி நிற்கிறார். சொந்தபந்தம் அத்தனை பேரும் சாட்சி. ஒரு தத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

குழந்தை என் கொழுந்தனாருடையது. அவர் மேட்டுப்பாளையம் ரோட்டில் பைக் விபத்தில் இறந்தபோது அவள் கைக்குழந்தை. என் ஓரகத்தி, அதாவது அவளைப் பெற்றவள், அப்போது சின்னப்பெண். அவளுக்கு வேறு கல்யாணம் செய்துவைக்கப் பிறந்த வீட்டில் அவசரப்பட்டார்கள். குழந்தையோடு யார் கட்டுவார்கள் என்பது அவர்கள் கவலை. எங்களுக்கோ குழந்தை இல்லை. மாமனாரும் ஓரகத்தியின் அப்பாவும் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். பெரியவர்கள் பேசி முடித்தால் எங்கள் வீடுகளில் அதற்கு அப்பீல் கிடையாது.

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டில் குழந்தை நான்கு வருடம் வளர்ந்தாள். வீட்டை ஒட்டிய எங்கள் பட்டறைக்கு யார் வந்தாலும் "சாப்புட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவாள். என்னை அம்மா என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை கோயில் ஏறி இறங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அவசரப்பட்டாலும் வரன் அமைய நாளாகித்தான் ஓரகத்தியைக் கோபியில் கட்டிக்கொடுத்தார்கள். புதுக் கணவர் நல்ல மனிதர், குழந்தையை அழைத்து வரலாமே என்று அவரே சொல்லியிருக்கிறார். உடனே கோர்ட் நோட்டீஸ் வந்தது. என் குழந்தையை நான் யாருக்கும் தத்துக் கொடுக்கவில்லை என்று மனு போட்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அதனால்தான் ஆல்பத்தை நானே தூக்கிக்கொண்டு போனேன்.

நீதிபதி இரண்டாம் முறையும் புரட்டிவிட்டு, "இதுல குழந்தையோட அம்மா எங்கே?" என்று கேட்டார். எங்கள் வக்கீல் என்னைப் பார்த்தார்.

எங்கே இருந்தாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். புருஷனை இழந்தவள் சீர் நடக்கிற இடத்தில் நிற்கக் கூடாது என்று மாமனார் சொல்ல, சமையல்கட்டை ஒட்டிய அறையில் அவளை உட்காரவைத்திருந்தார்கள். அங்கே போய்க் குழந்தையை வாங்கிவந்து என் மடியில் வைத்தவர் மாமனாரின் தங்கை. அன்று யாருக்கும் அது தவறாகப் படவில்லை.

அப்பா இல்லாத குழந்தையைத் தத்துக் கொடுக்கிற உரிமை அம்மாவுக்கு மட்டும்தான், தாத்தாவுக்குக் கிடையாது என்றார் நீதிபதி. இத்தனை வருடம் பேசாமல் இருந்ததே சம்மதம்தானே என்று எங்கள் வக்கீல் வாதாடிப் பார்த்தார். பேசாமல் இருந்தது சம்மதம் ஆகாது என்று தீர்ப்பு வந்தது. சட்டப்படி அது சரிதான். எனக்கு அதில் ஒரு ஆறுதலும் இல்லை.

குழந்தையை ஒப்படைக்கச் சொன்ன நாளில், கோர்ட் வளாகத்தில் ஓரகத்தியும் நானும் அவர்கள் கார் பக்கத்தில் நின்றோம். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏங்கண்ணு, இத்தன வருசம் வாயத் தொறக்காம இருந்துபோட்டு இப்ப வந்து கேட்டா நான் என்ன பண்றது?"

"என்னைய யாருங்கக்கா கேட்டாங்க?" என்றாள். பிறகு மெதுவாக, "அன்னிக்கு அந்த ரூமுக்கு வந்து நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே கொண்டாந்து உங்க மடியில வெச்சிருப்பனுங்க. உங்களாட்ட யாருங்க பாத்துக்குவாங்க?"

குத்திக்காட்டிச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள். சீரன்று நான் உட்கார்ந்திருந்த மணையிலிருந்து அந்த அறை பத்தடி தூரம்கூட இல்லை.

குழந்தை என் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு கத்தினாள். வேறு யாரையும் பக்கத்தில் விடவில்லை. அந்தக் கையை நானே பிரித்து, நானே தூக்கி, பெற்றவளிடம் கொடுத்தேன்.