வாசலில் சிக்கிய ரயில் மேசை

வீட்டுக்குள் மாதிரி ரயில் ஓட்டவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வரவிருந்த தம்பி போனில் கேட்டான்: "அக்கா, ரயில் எந்த அளவுல வேணும்? பெரிய 'எச்.ஓ.' ஸ்கேலா, சின்ன 'என்' ஸ்கேலா? 'என்' வாங்கினா பெட்டியெல்லாம் அதுல பாதிதான் இருக்கும்."

"சின்னது எதுக்குடா? பெரிசே வாங்கினு வா!" என்றேன்.

என் கணவர் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் வெல்டர். மெஷின் வந்து இறங்கும் முன்பே அதற்கு ஸ்டாண்டு அடித்து வைப்பது அவர்கள் வழக்கம். பெரிய ரயில் வளைந்து திரும்ப நாலடி அகலம் வேண்டும் என்று தம்பி சொன்னதும், ஆங்கிள் இரும்பில் காலோடு சேர்த்து மேசையை வெல்டிங் வைத்து டெம்போவில் கொண்டுவந்துவிட்டார்.

அது வாசலில் சிக்கிக்கொண்டது. சாய்த்தோம், திருப்பினோம், அசையவில்லை. உள்ளே நான், வெளியே அவர்.

"இன்னாமே, ரயில் உடறதுக்கு ஊட்ட இடிக்கணுமா?" என்றார்.

எனக்கு அழுகையே வந்தது. திரும்பி அறையைப் பார்த்தேன். கட்டிலும் பீரோவும் போக, அந்த மேசைக்கு உள்ளேயும் இடமில்லை. நல்லவேளை, தம்பி இன்னும் கடைக்குப் போயிருக்கவில்லை. வாசலில் நின்றபடியே அவனுக்குப் போன் செய்து, "சின்னதே வாங்குடா!" என்றேன்.

அவர் கட்டர் கொண்டுவந்து வாசலிலேயே மேசையைப் பாதியாக அறுத்து, அறுத்த பக்கத்துக்கு மீதியிலிருந்த காலை வெல்டிங் வைத்தார். இன்று அந்தப் பாதி மேசையில் ஸ்டேஷன், பாலம், ஏரி எல்லாம் இருக்கின்றன. நடுவே ரயில் ஓடுகிறது.

என்ன ஸ்கேல் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், இப்போது பழைய செய்தித்தாளை அவர்கள் வீட்டுத் தரையில் விரித்து, அந்த ரயில் வளையும் அகலத்துக்கு வட்டம் போடுகிறேன். அதை மிதிக்காமல் அடுப்படிக்குப் போய்வரச் சொல்கிறேன். அப்புறம்தான் ரயில் பேச்சு.