சுடாமல் பார்ப்பதற்கு அனுமதி

வாவித் தீவில் வாத்துச் சுட விரும்புபவருக்கு அன்றைக்கே அனுமதி கொடுக்கலாம் என்பது விதி. சும்மா பார்ப்பதற்கு விதி கிடையாது. ஆகவே, மாரியில் வரும் ஊசிவால் வாத்துகளைக் கிட்ட நின்று பார்க்க ஆசைப்பட்டவரின் விண்ணப்பத்தைக் கொழும்புக்கு அனுப்பினேன்.

அவர் கழுத்தில் தூரநோக்கியின் வார் கறுத்த தடம் போட்டிருந்தது. பேசும்போதும் என் தோளுக்கு மேலால் யன்னலைத்தான் பார்ப்பார். கிழமைதோறும் வந்து பதில் கேட்டார். எனக்கு அலுத்துவிட்டது.

“துவக்குக்கு அனுமதி எடுங்க ஐயா. சுடாம வந்தாச் சரிதானே?”

“சுடப் போறனெண்டு கையெழுத்து வெச்சிட்டு, அதுகள்ட முகத்தில எப்பிடி முழிக்கிற?”

அன்றுதான் என்னை நேரே பார்த்தார். என் உத்தியோக காலம் முழுவதும் அந்தக் கேள்விக்கு ஒரு விதியும் அகப்படவில்லை.

வாத்துகள் பங்குனியில் வடக்கே திரும்பின. பார்க்கலாம் என்று கொழும்பிலிருந்து பதில் வந்தது சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள்.