பக்கத்து இடத்துக்கு ஆள் வருது

எங்கள் யோகா வகுப்பில் எல்லோரும் யாரையாவது பறிகொடுத்தவர்கள். மூச்சுப் பயிற்சி முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவோம்.

விபத்தில் மகளை இழந்த ஸ்டெல்லா அக்கா மட்டும் பேச மாட்டார். தினமும் பக்கத்துப் பாயில் துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பார்.

இன்று பேசினார்.

"அவ வரமாட்டான்னு எனக்குத் தெரியும்ப்பா. எடம் போடாம இருக்க முடியல."

சொல்லிவிட்டு, புதிதாக வந்த பெண்ணுக்காகத் துண்டை எடுத்தார். எனக்கு அழுகை வந்தது. நானெல்லாம் எப்போதோ தேறிவிட்டேன் என்றும் நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது அகரம் டவுன் பஸ்ஸில் நல்ல கூட்டம். நின்றிருந்த ஓர் அம்மா என் பக்கத்து இடத்தைக் காட்டிக் கேட்டார்.

"ஏம்மா, பை வச்சிருக்கியே, ஆளு வருதா?"

ஜன்னலோரம். என் வீட்டுக்காரர் இருந்தவரை அவர் உட்காரும் இடம்.

"வருது" என்றேன்.

பஸ் கிளம்பிவிட்டது. அகரம் வரைக்கும் அந்த அம்மா நின்றபடியே என்னை முறைத்தார்.

நீங்களாயிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?